கட்டுக் கயிறு: வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி நெருங்கினால் படகுக் கட்டு பற்றிய கடிதங்கள் கூடிவிடும். இந்த இதழில் சிறு படகுகளுக்கான கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் 28 அடி, அதாவது எட்டரை மீட்டர் ஃபைபர் படகுக்குச் சொன்னவை.

கடைக்காரர் பிபி (பாலிப்ரொப்பிலீன்) கயிறுதான் கொடுக்கிறார். மிதக்கும், விலையும் மலிவு. நைலானுக்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? எத்தனை எம்எம் வாங்குவது?
– பழவேற்காடு வாசகர்

மிதப்பது வலைக்கு நல்லது. படகைக் கட்டுவதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மேலே மிதக்கிற கயிறு பக்கத்துப் படகின் புரொப்பெல்லரில்தான் போய்ச் சுற்றும். கட்டுக் கயிறு நீண்டு கொடுக்க வேண்டும். அலை தூக்கி இழுக்கும்போது கயிறு நீளாவிட்டால் அந்த வெட்டு (திடீர் இழுப்பு) முழுவதும் முடிச்சின் மேலும் கட்டையின் மேலும் விழும். ஆறு மீட்டர் நைலான் கயிறு நல்ல இழுவையில் அரை மீட்டர் வரை நீண்டு, விட்டதும் சுருங்கிக்கொள்ளும். பிபி அந்த அளவுக்குக் கொடுக்காது, வெயிலிலும் சீக்கிரம் இற்றுப்போகும். பாலியெஸ்டர் வெயில் தாங்கும், ஆனால் நைலானைவிட நீட்சி குறைவு. கரையிலிருந்து படகு தள்ளி ஆடுகிற இடத்தில் நைலானே சரி.

பலத்திலும் வித்தியாசம் இருக்கிறது. மூன்று புரி (முறுக்கிய இழைக் கற்றை) நைலான் 12 எம்எம், புதிதாக இருக்கும்போது சுமார் 3 டன்னில் அறும். அதே பருமன் பிபி 2 டன்னில் அறும். நைலான் நனைந்தால் பத்துப் பதினைந்து சதவீதம் பலம் குறையும். அப்போதும் பிபியைவிட மேல். உங்கள் படகுக்கு 12 எம்எம் நைலான் போதும். கழிமுகத்தின் வாய்ப் பக்கம், அலை வருகிற இடத்தில் நிறுத்துபவர் 14 எம்எம் எடுக்கலாம். பணம் இடிக்கிறது, பிபிதான் முடியும் என்றால் 16 எம்எம் வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நைலான் என்று கேட்டு வேறு எதையாவது வாங்கிவரும் கதை நிறைய நடக்கிறது. விரல் நீளத் துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டு அமுக்கிவிடுங்கள். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். பிபியும், எச்டிபிஇ என்ற இன்னொரு பிளாஸ்டிக் கயிறும் மேலே வந்துவிடும். கயிறு கிலோ கணக்கில் விற்பதால் இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்: 12 எம்எம் நைலான் நூறு மீட்டர் ஏறக்குறைய 9 கிலோ, பிபி ஆறரை கிலோ. கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

துறைமுகச் சுவரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கயிறு போட்டுக் கட்டுகிறேன். இரவில் படகு முன்னும் பின்னும் ஓடி, டயரிலிருந்து விலகிச் சுவரில் மோதுகிறது. இறுக்கிக் கட்டினால் வற்றத்தில் (கடல் நீர் இறங்கும்போது) தொங்குகிறது.
– நாகப்பட்டினம் வாசகர்

இரண்டு கயிறு படகைச் சுவரை விட்டு விலகாமல்தான் பிடிக்கும். நீளவாக்கில் ஓடுவதைத் தடுக்க இன்னும் இரண்டு வேண்டும். அணியத்திலிருந்து (படகின் முன்முனை) பின்னோக்கி ஒன்று, அமரத்திலிருந்து (பின்முனை) முன்னோக்கி ஒன்று, சுவரை ஒட்டினாற்போல் ஒன்றையொன்று தாண்டிப் போக வேண்டும். ஸ்பிரிங் கயிறு என்று இதைத்தான் சொல்கிறார்கள். முதலாவது படகு முன்னே ஓடுவதை நிறுத்தும். இரண்டாவது பின்னே ஓடுவதை. இவை இருந்தால் டயர் தொங்கவிட்ட இடத்திலேயே படகு நிற்கும், முன் கயிறையும் பின் கயிறையும் தளர்வாக விட்டுவைக்கலாம்.

வற்றத்தில் தொங்குவதற்குக் காரணம் இறுக்கம் மட்டுமல்ல, கயிறு குட்டையாக இருப்பதும்தான். நம் கரையில் ஏற்ற வற்றம் பெரிதில்லை. சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு மீட்டர் அளவு வரும். உங்கள் பக்கம் அதைவிடக் குறைவு. ஒரு மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் நேராக, இறுக்கமாக இருந்த 2 மீட்டர் கயிறு, தண்ணீர் ஒரு மீட்டர் இறங்கும்போது 24 செ.மீ. கூடுதல் நீளம் கேட்கும். கொடுக்க முடியாமல் படகைத் தூக்கிப் பிடிக்கும். அதே இறக்கத்துக்கு 6 மீட்டர் கயிறு கேட்பது 8 செ.மீ.தான், அதை நைலான் தானாகவே கொடுத்துவிடும். ஆகவே நேர் எதிரே உள்ள கட்டுக்கம்பத்தில் கட்டாமல், படகுக்கு முன்னும் பின்னும் தள்ளியுள்ள கம்பத்துக்குக் கயிறைக் கொண்டுபோங்கள்.

முன், பின் கயிறுகள் தலா 6 மீட்டர், ஸ்பிரிங் தலா 9 மீட்டர், முடிச்சுக்கும் சுற்றுக்கும் ஒவ்வொன்றிலும் ஒன்றரை மீட்டர். மொத்தம் 36 மீட்டர். 12 எம்எம் நைலானில் 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

டயர் குறைந்தது மூன்று வேண்டும்: நடுவில் ஒன்று, அணியத்தின் வளைவு தொடங்கும் இடத்தில் ஒன்று, அமரத்தில் ஒன்று. டயரின் அடியில் ஓட்டை போடாவிட்டால் தண்ணீர் தேங்கிக் கனத்து, தொங்கும் கயிறை அறுக்கும். கட்டும்போது படகுக்கும் சுவருக்கும் நடுவே கை வைக்காதீர்கள்.

தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் வரிசையாக அடைத்துக்கொள்ளும். ஃபைபர் படகுகள் அவற்றின் பக்கவாட்டில் கட்டிக்கொள்ள வேண்டிவரும். அப்போது பெரிய படகில் மட்டும் கட்டிவிட்டுப் போகக் கூடாது. அணியத்திலிருந்தும் அமரத்திலிருந்தும் கரைக்குச் சொந்தக் கயிறு ஒவ்வொன்று போக வேண்டும். பெரிய படகை நகர்த்துகிறவர் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். கட்டுக்கம்பத்தில் ஏற்கெனவே ஒருவர் கண்ணி (கயிறு நுனியின் வளையம்) கிடந்தால், உங்கள் கண்ணியை அதன் மேல் போடாமல், அந்தக் கண்ணிக்குள் கீழிருந்து மேலாக நுழைத்துப் பிறகு கம்பத்தில் மாட்டுங்கள். இருவரில் யார் முதலில் கிளம்பினாலும் மற்றவர் கயிறை அவிழ்க்க வேண்டியதில்லை. பாதிச் சண்டை இதில் தீரும்.

புதுக் கயிறு போட்டாலும் நான்கைந்து மாதத்தில் அறுந்துபோகிறது. எப்போதும் ஒரே இடத்தில்தான். தரம் சரியில்லையா?
– கடலூர் வாசகர்

ஒரே இடத்தில் அறுகிறது என்றால் கயிறின் மேல் குற்றமில்லை. படகின் விளிம்பைத் தாண்டும் இடத்தையும், சுவரின் மூலையைத் தாண்டும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஃபைபர் விளிம்பில் கண்ணாடி நார் தெறித்து நின்றால் அது அரம்தான். சுவரில் வற்றத்தில் மட்டும் தெரியும் கொட்டலசு (கூரிய ஓடுள்ள ஒட்டுயிர்) இன்னும் மோசம். பகலில் ஏற்றத்தின்போது வந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது.

விளிம்பைத் தேய்த்து உருட்டுங்கள். முடிந்தால் ஒரு அரைவட்டக் குழாய்த் துண்டைப் பதித்துவிடுங்கள். பிறகு கயிறுக்கு உறை. தோட்டத்து பிளாஸ்டிக் குழாயைப் பலரும் போடுகிறார்கள். சாதாரண நாளில் பரவாயில்லை, ஆனால் புயல் நேரத்தில் அதுவே கெடுதல். நைலான் ஓயாமல் நீண்டு சுருங்கும்போது உள்ளே சூடு உண்டாகும். இறுக்கமான பிளாஸ்டிக் உறை மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பதால் சூடு தணியாது. வெளியே உறை முழுசாக இருக்கும், உள்ளே கயிறு இளகி ஒட்டியிருக்கும். பழைய தீயணைப்புக் குழாய் சிறந்தது. நெய்த துணி, தண்ணீர் ஊறும். அது கிடைக்காவிட்டால் தடித்த கித்தான் துணியை இரண்டு சுற்றுச் சுற்றித் தைத்துவிடலாம். நீளம் 60 முதல் 75 செ.மீ. உறையைப் படகில் கட்டாமல் கயிறிலேயே இரு முனையிலும் நூல் சுற்றிக் கட்டுங்கள், கயிறு நீளும்போது கூடவே நகரும்.

வாரம் ஒருமுறை கயிறைக் கால் மீட்டர் உள்ளே இழுத்தோ வெளியே விட்டோ கட்டினால் உரசும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இது செலவில்லாத வேலை, அதனால்தான் யாரும் செய்வதில்லை.

கிளீட்டில் (படகில் கயிறு கட்டும் இரட்டைக் கொம்பு) எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும்?
– காரைக்கால் வாசகர்

அடியைச் சுற்றி முழுதாக ஒன்று, எட்டு வடிவில் ஒன்று, அடுத்து மடக்கிப் பூட்டும் சுற்று ஒன்று. அவ்வளவே. ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினால் பிடி கூடாது, அவசரத்தில் அவிழ்க்கத்தான் முடியாது. முதல் சுற்றைப் போடாமல் நேரே எட்டுப் போட்டால் இழுவையில் பூட்டு இறுகிக் கத்தியால்தான் வெட்ட வேண்டிவரும்.

கிளீட் எப்படிப் பதித்திருக்கிறது என்று அடியிலிருந்து பாருங்கள். திருகாணி மட்டும் போட்டிருந்தால் கயிறு அறுவதற்கு முன் அது பிய்த்துக்கொண்டு வரும். 10 எம்எம் போல்ட் நான்கு, தளத்துக்கு அடியில் உள்ளங்கையைவிடப் பெரிய கனமான மரைன் பிளைவுட் அல்லது தகடு, அகல வாஷர்.

வடகடலில் (பாக் விரிகுடாப் பக்கம்) கரையிலிருந்து தள்ளி, 3 மீட்டர் ஆழத்தில் சிமெண்ட் கல் போட்டுக் கட்டுகிறோம். கல் 100 கிலோ. காற்று வந்தால் கல்லோடு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.
– பாம்பன் வாசகர்

100 கிலோ சிமெண்ட் கல் கடலுக்கடியில் 57 கிலோதான். தான் இடம்பெயர்க்கும் தண்ணீரின் எடை அதில் கழிந்துவிடும். கருங்கல்லும் 62 கிலோவுக்கு வந்துவிடும். வார்ப்பிரும்பானால் 86 கிலோ மிஞ்சும். மணல் தரையில் கிடக்கும் வெறும் கல், அந்த மிச்ச எடையில் ஏறக்குறைய பாதியளவு இழுவைக்கே நகர ஆரம்பிக்கும். உங்கள் கல்லை 30 கிலோ இழுவை நகர்த்திவிடும். சேற்றில் கல் மெல்லப் புதைந்து பிடிமானம் கூடும், ஆனால் அதற்குப் பல மாதம் ஆகும்.

உங்களுக்கு 500 கிலோ கல் வேண்டும். ஒரு மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் என்று வார்த்தால் அந்த எடை வரும். நீரடியில் 285 கிலோ மிஞ்சும். உயரமாக வார்த்தால் புரளும். அடிப்பக்கம் நடுவில் கொஞ்சம் குழிவாக விட்டால் தரையைக் கவ்வும். உள்ளே கம்பி கட்டி, 20 எம்எம் கம்பியை வளைத்து, கால்களைக் கீழ்க் கம்பியோடு பிணைத்து, வளையம் மேலே நிற்குமாறு வையுங்கள். 21 நாள் நனைத்து வைத்த பிறகு இறக்குங்கள்.

500 கிலோவைப் படகில் ஏற்ற வேண்டாம். வற்றத்தில் கரையோரத் தண்ணீரில் வைத்து, மூடி இறுகிய 200 லிட்டர் காலி டிரம் இரண்டை மேலே கட்டினால் ஏற்றத்தில் கல் தூக்கிக்கொள்ளும். மூன்று கட்டினால் நிம்மதி. இழுத்துக்கொண்டு போய் இடம் வந்ததும் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அவிழுமாறு கட்டியிருக்க வேண்டும். அப்போது கயிறு வளையத்துக்குள் காலை வைத்து யாரும் நிற்கக் கூடாது.

கல்லிலிருந்து 12 எம்எம் சங்கிலி 5 மீட்டர், அதன் நுனியில் சுழலி, அதிலிருந்து 16 எம்எம் நைலான் 5 மீட்டர், மேலே மிதவை. ஆழத்துக்கு மூன்று மடங்கு நீளம் என்பது இதுதான். குறைத்தால் இழுவை மேல்நோக்கிப் போய்க் கல்லைத் தூக்கிவிடும். சங்கிலி தரையில் கிடப்பதால் சிறு காற்றில் அதுவே வெட்டை வாங்கிக்கொள்ளும். சுழலி இல்லாவிட்டால் படகு காற்றுக்குத் திரும்பத் திரும்பக் கயிறு முறுக்கிக் கொம்பு கொம்பாக எழும்பும். படகு சுற்ற 18 மீட்டர் ஆரம் வேண்டும். பக்கத்தில் இருப்பவரும் அதே நீளத்தில் கட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்தே திரும்பும், ஒருவர் குட்டையாகக் கட்டினால் மோதும்.

சங்கிலியை இணைக்கும் ஷேக்கிளின் ஆணி தானாகக் கழன்று போவதுதான் அடுத்த பெரிய காரணம். இறுக்கியதும் ஆணியின் துளையிலிருந்து உடலோடு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியை மூன்று சுற்றுக் கட்டுங்கள். வயரிங்கில் மிஞ்சிய செப்புக் கம்பி வேண்டாம், உப்புத் தண்ணீரில் அது பக்கத்து இரும்பைத் தின்னும். ஸ்டெயின்லெஸ் ஷேக்கிளை ஜிஐ சங்கிலியில் மாட்டினாலும் அதே கதை.

ஆண்டுக்கு இரண்டு முறை இறங்கிப் பாருங்கள். தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) வடகடலுக்கும் படகை மாற்றுகிற காலம் தோதானது. சங்கிலி தரையிலிருந்து எழும்பும் இடத்தில் நான்கைந்து கண்ணிதான் தேயும், மற்றவை புதிதாகவே இருக்கும். 12 எம்எம் கண்ணி 9 எம்எம்முக்கு வந்துவிட்டால் பலம் ஏறக்குறைய பாதி போய்விட்டது, மாற்றிவிடுங்கள். கல்லைப் பவளப்பாறை மேலும் கடற்புல் மேலும் போடாதீர்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளை ஒட்டிப் போடவே கூடாது.

கயிறில் கண்ணி பின்னும் முறையைச் சொல்லுங்கள். முடிச்சுப் போட்டால் போதாதா?
– தூத்துக்குடி வாசகர்

முடிச்சு போடும் இடத்தில் கயிறு மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். ஒழுங்காகப் பின்னிய கண்ணியில் இழப்பு பத்து சதவீதத்துக்குள். அடிக்கடி அவிழ்க்கும் முனையில் முடிச்சு இருக்கட்டும், நிரந்தரமாக மாட்டும் முனையில் பின்னல்.

12 எம்எம் மூன்று புரிக் கயிறில் 30 செ.மீ. பிரியுங்கள். பிரியும் இடத்தில் டேப் சுற்றுங்கள், மூன்று நுனிகளையும் சுட்டுக் கூராக்கி டேப் போடுங்கள். கயிறை திம்பிளின் (கண்ணிக்குள் வைக்கும் பள்ளமுள்ள வளையம்) பள்ளத்தில் வைத்து வளைத்து, பிரித்த இடம் முதன்மைக் கயிறைத் தொடுமாறு பிடியுங்கள். நடுப் புரியை முதன்மைக் கயிறின் ஒரு புரிக்கு அடியில், முறுக்குக்கு எதிராக, வலமிருந்து இடமாக நுழையுங்கள். இடப் பக்கத்துப் புரி, முதலாவது வெளிவந்த இடத்தில் ஆரம்பித்து, இடப் பக்கத்து அடுத்த புரிக்கு அடியில் போகும். இப்போது கண்ணியை அப்படியே பின்பக்கம் திருப்புங்கள். ஒரு புரி மட்டும் மிச்சம் இருக்கும். மூன்றாவது நுனி அதற்கு அடியில், இங்கும் வலமிருந்து இடமாகவே போக வேண்டும். பெரும்பாலோர் தப்புவது இங்கேதான்; திருப்பிப் பிடித்ததும் கை தானாக எதிர்த்திசையில் நுழைத்துவிடும். சரியாக இருந்தால் மூன்று நுனியும் ஒரே மட்டத்தில், மூன்று வெவ்வேறு இடுக்கிலிருந்து வெளிவரும். இரண்டு ஒரே இடுக்கில் வந்தால் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

பிறகு ஒவ்வொரு நுனியும் ஒரு புரிக்கு மேல், அடுத்ததற்கு அடியில். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் மூன்றையும் சமமாக இழுத்து இறுக்குங்கள். தேங்காய் நார்க் கயிறுக்கு மூன்று சுற்றுப் போதும். நைலான் வழுக்கும், ஐந்து சுற்றுக்குக் குறைக்காதீர்கள். நுனியை ஒட்ட வெட்டாமல் விரல் பருமன் விட்டுச் சுட்டுவிடுங்கள். சுடும்போது தீ முதன்மைக் கயிறில் பட்டுவிடக் கூடாது.

புயல் எச்சரிக்கை வந்தால் படகை எப்படிக் கட்டுவது?
– வேதாரண்யம் வாசகர்

முதல் பதில், கட்டாமல் மேட்டுக்கு ஏற்றிவிடுவது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் அதன் தள்ளல் நான்கு மடங்கு, 40 கி.மீ. காற்றில் பிடித்த கட்டு 120 கி.மீ. காற்றில் ஒன்பது மடங்கு தாங்க வேண்டும். துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு ஏறியதுமே ஏற்றும் வேலையைத் தொடங்குங்கள். 5 ஏறிய பிறகு டிராக்டர் கிடைக்காது.

கரையில் வைத்தால் எஞ்சினைக் கழற்றி, வலையை இறக்கி, அடியில் உள்ள வடிகால் அடைப்பானைத் திறந்துவிடுங்கள். மரத்தில் கட்டுவதானால் வேரோடிய புளி, வேம்பு பாருங்கள், தென்னை வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியபோது தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீரிலேயே விட வேண்டிய கட்டாயம் என்றால், எண்ணைக் கவனியுங்கள். கிழக்கிலிருந்து வரும் புயலுக்கு 5, 8 என்றால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப் பக்கம், அதாவது புயல் உங்களுக்கு வடக்கே கரையேறப் போகிறது. காற்று முதலில் வடமேற்கு, மேற்கு என்று நிலத்திலிருந்து அடித்து, பிறகு தென்மேற்குக்கு மாறும். 6, 9 என்றால் புயல் தெற்கே. காற்று வடகிழக்கில் தொடங்கித் தென்கிழக்குக்குத் திரும்பும், கடல் உள்ளே வரும். 7, 10 நேராக உங்கள் மேல். நடுவில் காற்று அடங்கிப் பிறகு எதிர்த்திசையில் அடிக்கும். அடங்கியதைப் பார்த்துக் கட்டைச் சரிசெய்ய இறங்கியவர்கள் மாட்டிக்கொள்வது அப்போதுதான். எனவே முதல் காற்றுக்கு மட்டுமல்ல, இரண்டாவது காற்றுக்கும் சேர்த்து முன்பே கட்டுங்கள்.

நான்கு கயிறும் இரட்டையாகட்டும். இரண்டாவது கயிறை அதே கிளீட்டில், அதே கம்பத்தில் கட்டினால் இரட்டித்ததாகாது. வேறு இடத்தில் கட்டி, முதலாவதைவிட அரை அடி தளர்வாக விடுங்கள். முதலாவது நீண்டதும் இரண்டாவது பங்கு எடுத்துக்கொள்ளும். கடல் பொங்கினால் படகு சுவருக்கு மேலேயே ஏறிவிடும் என்பதால் வழக்கமான ஏற்றத்துக்கு மேல் ஒன்றரை மீட்டருக்காவது கயிறில் நீளம் வேண்டும். ஓடையில் ஒதுக்கினால் இரு கரைக்கும் கட்டி நடுவில் நிறுத்துங்கள். உறைகள் எல்லாம் புதிதாகட்டும்.

மழையை மறந்துவிடுகிறார்கள். இந்தப் படகின் வாய் ஏறக்குறைய 12 சதுர மீட்டர். பத்து செ.மீ. மழை பெய்தால் உள்ளே 1,200 லிட்டர், ஒரு டன்னுக்கு மேல். கயிறு அறாமலே கட்டிய இடத்தில் மூழ்கும் படகுகள் இப்படித்தான் போகின்றன. தார்ப்பாயை நடுவில் கூரைபோல் உயர்த்தி இறுக்குங்கள். தளர்வாக இருந்தால் அது காற்றுப் பிடிக்கும் பாயாகிவிடும். படகில் ஆள் தங்கக் கூடாது. இறுகி நிற்கும் நைலான் கயிறின் நேர்கோட்டிலும் நிற்காதீர்கள், அறுந்தால் நுனி ஆளைச் சாய்க்கும் வேகத்தில் திரும்பிவரும்.

கயிறை எப்போது கழிக்க வேண்டும்?
– மரக்காணம் வாசகர்

புரிகளைத் திருகித் திறந்து உள்ளே பாருங்கள். மேலே மயிர்போல் எழும்பியிருப்பது ஓரளவு சகஜம். உள்ளே தூள் கொட்டினாலோ, இழைகள் அறுந்து நின்றாலோ, ஒன்றோடொன்று ஒட்டிப் பளபளத்தாலோ அந்த இடம் போய்விட்டது. ஒரு புரி கால்வாசி அறுந்திருந்தால் அங்கே வெட்டிவிடுங்கள். பிபியை நகத்தால் சுரண்டினால் வெள்ளைத் தூள் வரும், வந்தால் மாற்றுங்கள். கல் மாதிரி விறைத்துப்போன நைலான் பெரும்பாலும் உப்பும் மணலும் ஏறியதுதான், ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போட்டால் இளகும். ப்ளீச்சிங் பவுடர் போட வேண்டாம். முனை தேய்ந்து நடு நன்றாக இருந்தால் முன்பின்னாகத் திருப்பிப் போட்டு இன்னொரு பருவம் ஓட்டலாம். கழித்ததை இரண்டு மீட்டர் துண்டுகளாக வெட்டி டயர் தொங்கவிட வைத்துக்கொள்ளுங்கள். முழு நீளமாகக் கிடந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்துப் படகைக் கட்டிவிடுவார்கள்.